பேலியோ 100 நாள் முடிந்தது, 17 கிலோ போனது. இனி சோற்றுக்கு எப்படித் திரும்புவது?

திருப்பூர்க்காரன்:

வணக்கம் மக்களே. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 41, உயரம் 5 அடி 7 அங்குலம். பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவு, காலை 9 மணிக்கு உட்கார்ந்தால் இரவு 8 வரை நாற்காலிதான். ஏப்ரலில் எடை 94 கிலோ. ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துவிட்டுப் பேலியோ (அரிசி, கோதுமை, சர்க்கரையை விட்டுவிட்டு முட்டை, கறி, பனீர், வெண்ணெய், பாதாம் என்று சாப்பிடும் டயட்) ஆரம்பித்தேன், 100 நாள் ஒருநாள்கூட சீட்டிங் இல்லை. ஆடி மாதம் தெருமுனை மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றியபோதுகூட வாயைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தவன் நான். 77-க்கு வந்தேன். பெல்ட்டுக்கு ஆணியைச் சுட வைத்து நானே மூன்று ஓட்டை போட்டேன். ரத்தத்தில் இருக்கும் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 280-ல் இருந்து 130-க்கு இறங்கியது. எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

பிரச்சினை அதற்கு அப்புறம். நூறு நாள் முடிந்த மறுநாள் அம்மா கையால் தயிர்சாதம், மாவடு. சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சும்மா இருக்காமல் இரண்டு மணி நேரம் கழித்து அப்பாவின் சுகர் மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தால் 188. எனக்குச் சுகரே கிடையாது! மூன்றாம் நாள் எடை மெஷினில் ஏறினால் 79.3. நூறு நாளாகக் குறைத்ததில் 2.3 கிலோ மூன்றே நாளில் திரும்பி வருமா?

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2019-லும் இதே கதைதான், வேறு ஒரு டயட். 13 கிலோ குறைத்தேன், அடுத்த ஒன்றரை வருடத்தில் 16 ஏறியது. எப்படி ஏறியது என்றே தெரியவில்லை, ஒருநாள் பேண்ட் போட்டால் கொக்கி மாட்டவில்லை, அவ்வளவுதான்.

ஆயுள் முழுக்கப் பேலியோ என்னால் முடியாது. வீட்டுக்காரிக்கு இரண்டு சமையல், மாதம் பாதாம், வெண்ணெய், பனீர், கறி என்று தனி பில், பிள்ளைகள் இட்லி சாப்பிடும்போது நான் மட்டும் முட்டையோடு மூலையில். ஆவணியில் மச்சினன் கல்யாணம் வேறு வருகிறது.

இப்போது சாப்பிடுவது: காலை 6 மணிக்கு பட்டர் டீ (பழகிவிட்டது, விட முடியவில்லை). 9 மணிக்கு 3 இட்லி. 11 மணிக்கு நெய்யில் வறுத்த பாதாம் ஒரு 50. மதியம் ஒரு தட்டு சோறு, குழம்பு, பொரியல். இரவு 3 முட்டையும் பனீரும், சில நாள் 2 தோசை. சர்க்கரை, பேக்கரி ஐட்டம், கூல்டிரிங்ஸ் தொடவே இல்லை. அப்புறம் சீப்பில் முடி கொத்தாக வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.


பேலியோபுலி:

ஏன் நிறுத்தினீர்கள் என்பதுதான் என் கேள்வி. 94-க்குக் கொண்டுபோனதே இட்லியும் சோறும்தான், மறுபடியும் அங்கேயே போய் நின்றுகொண்டு எடை ஏறுகிறதே என்றால் எப்படி? நான் ஆறு வருடமாகக் குறைந்த மாவுச்சத்தில்தான் இருக்கிறேன். டயட் என்று நினைத்தால் ஒருநாள் முடியும், சாப்பாட்டு முறை என்று நினைத்தால் முடிவே இல்லை. 188 வந்திருக்கிறது பாருங்கள், உடம்பே சொல்கிறது.


சுக்குக்காப்பி:

தம்பி, முதலில் மெஷினைக் கண்டு பயப்படுவதை விடு. நான் 21 கிலோ குறைத்தவள், அடுத்த மாதம் வந்தால் நாலரை வருடம் ஆகிறது, இன்னும் மேலே 3 கிலோவுக்குள்தான் ஆடிக்கொண்டிருக்கிறேன். எனக்கும் முதல் வாரம் 2 கிலோ ஏறியது. அது தண்ணீர். மாவடு எத்தனை தின்றாய்? உப்புக்கும் தண்ணீர் நிற்கும்.

எனக்கு உறுத்துவது அந்த 2.3 கிலோ இல்லை, நீ கடைசியில் சாதாரணமாக எழுதிவிட்டுப் போயிருக்கிறாயே ஒரு பட்டியல், அதுதான். அதை இன்னொரு தடவை படித்துப் பார். பட்டர் டீ பேலியோவில் இட்லிக்குப் பதிலாக வந்தது. பாதாமும் அப்படித்தான், அது அங்கே நொறுக்குத் தீனி இல்லை, அதுவே ஒரு வேளைச் சாப்பாடு. இப்போது இட்லி திரும்பி வந்துவிட்டது, சோறு திரும்பி வந்துவிட்டது, ஆனால் அவற்றுக்குப் பதிலாக வந்த விருந்தாளிகள் யாரும் கிளம்பவே இல்லை. டீயில் 30 கிராம் வெண்ணெய் போடுகிறாய் என்றால் 215 கலோரி. பாதாம் 50 என்பது 60 கிராம் இருக்கும், 350 கலோரி, நெய் தனி. ஆக 11 மணிக்குள் இட்லி சட்னியை விட்டுவிட்டே 600 தாண்டிவிட்டது. பேலியோவும் சாப்பிடுகிறாய், பழைய சாப்பாடும் சாப்பிடுகிறாய். 2019-ல் எப்படி ஏறியது என்று தெரியவில்லை என்றாயே, இதே மாதிரிதான் ஏறியிருக்கும். மூன்றே நாளில் ஏறுவது கண்ணுக்குத் தெரியும், மாதம் 800 கிராம் ஏறுவது தெரியாது.

நான் செய்ததைச் சொல்கிறேன். சோறு உள்ளே வந்த அன்றே வெண்ணெய் வெளியே போனது. டீ சாதாரண டீ, பால் கொஞ்சம், சர்க்கரை இல்லை. பாதாம் பத்து. முட்டை, மீன், கோழி இவற்றை மட்டும் விடவில்லை. அரிசியையும் ஒரேயடியாக மூன்று வேளைக்கும் திறந்துவிடவில்லை, முதல் இரண்டு வாரம் மதியம் மட்டும், அப்புறம் காலையில் இரண்டு இட்லி. இரவு இன்றைக்கும் சோறு கிடையாது, அது எனக்கு ஒத்துவந்தது, உனக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

அப்புறம், ஒரு தட்டு என்பது அளவே இல்லை தம்பி. நான் வழக்கமாகப் போட்டுக்கொள்கிற மாதிரி போட்டு ஒருநாள் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், வெறும் சோறு மட்டும் 420 கிராம். வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி, நீயே கணக்கு எழுதுகிறவன், போட்டுப் பார். எங்கள் வீட்டில் பாயசம் ஊற்றுகிற ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் இருக்கிறது, அடியில் மாமியார் பெயர் வெட்டியிருக்கும். அதில் அமுக்காமல் தலை தட்டி எடுத்தால் சரியாக 150 கிராம். நாலரை வருடமாக அந்தக் கிண்ணம்தான். இப்போது தராசு எங்கே கிடக்கிறதென்றே தெரியாது. கிண்ணத்தைத் தட்டில் கவிழ்த்துவிட்டு, பொரியலும் கூட்டும் அதைவிட அதிகமாக வைத்துக்கொள்வேன். முதல் மாதம் போதவில்லை என்றுதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.


மறுபடியும்_முதலில்_இருந்து:

என் பெயரைப் பார்த்தாலே கதை தெரிந்திருக்கும். நான்கு தடவை குறைத்திருக்கிறேன், மொத்தக் கணக்குப் போட்டால் 55 கிலோ, அதாவது ஒரு முழு ஆளை இறக்கி வைத்துவிட்டேன், ஆனால் நான் அப்படியே இருக்கிறேன்.

மூன்றாவது தடவை ஒரு டயட் சென்டர். பெயர் வேண்டாம். காலையும் இரவும் பவுடரைக் கரைத்துக் குடிக்க வேண்டும், மதியம் மட்டும் சாப்பாடு. 3 மாதத்தில் 11 கிலோ. கடைசி நாள் எனக்கு மாலை போட்டு போட்டோ எடுத்தார்கள். நாளையிலிருந்து என்ன சாப்பிடட்டும் என்று கேட்டேன், "மெயின்டனன்ஸ் பேக்கேஜ் இருக்கு சார்" என்று ஒரு அட்டையை நீட்டினார்கள். அந்த பவுடர் வாங்கக் காசு இல்லாத மாதத்தில் எடை ஏற ஆரம்பித்தது. என் போட்டோ மட்டும் இன்னும் அவர்கள் சுவரில் ஒல்லியாகவே தொங்குகிறது.

புலி அண்ணே, நீங்கள் சொல்வது உங்களுக்குச் சரி. ஆறு வருடம் இருந்திருக்கிறீர்கள், பெரிய விஷயம். ஆனால் முடியாது என்று ஒருத்தர் சொன்ன பிறகும் ஏன் நிறுத்தினாய் என்று கேட்டால், அவர் குற்ற உணர்ச்சியில் மறுபடி ஆரம்பிப்பார், நாற்பதாவது நாள் உடைப்பார், உடைத்த அன்று ராத்திரி பரோட்டாவில் போய் நிற்பார். நான் நின்றிருக்கிறேன். நாலு பரோட்டா, சால்னா, அதுவும் நின்றுகொண்டே.


தஞ்சை_டயட்டீஷியன்:

வணக்கம். ஓர் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். சுக்குக்காப்பி அக்கா பாதி வேலையை முடித்துவிட்டார், பட்டர் டீயைப் பார்த்ததும் நான் எழுத நினைத்ததும் அதுவேதான்.

அந்தத் தண்ணீர்க் கணக்கு இப்படி. நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பங்கை உடம்பு கிளைகோஜன் என்று சேமித்து வைக்கிறது, கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உட்காரும். பேலியோவில் முதல் வாரம் சரசரவென்று இறங்கியிருக்குமே, அதில் பெரும்பகுதி இந்தத் தொட்டி காலியானதுதான். இப்போது சோறு வந்ததும் தொட்டி நிரம்புகிறது, அதுவே 2 கிலோ. அதனால் உங்கள் எடையை 77 என்று வைத்துக்கொண்டு அழாதீர்கள். இரண்டு வாரம் கழித்து எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் உண்மையான தொடக்கம்.

188-ஐப் பார்த்தும் பதற வேண்டாம், புலி சார் பயமுறுத்துவதைப் போல அல்ல. பல வாரம் மாவுச்சத்து இல்லாமல் இருந்த உடம்புக்குத் திடீரென்று ஒரு தட்டு சோறு போனால் சர்க்கரை தற்காலிகமாகக் கூடுதலாகத்தான் காட்டும். குளுக்கோஸ் கொடுத்துச் செய்கிற பரிசோதனைக்கு முன்னால் மூன்று நாள் தினமும் 150 கிராமாவது மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது, இதற்காகத்தான். இரண்டு வாரம் வழக்கமான சாப்பாட்டுக்கு வந்தபின் லேப்பில் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் எடுங்கள், மூன்று மாதத்தில் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை). அப்போதும் அதிகம் என்றால் அது வேறு பேச்சு. அப்பாவுக்குச் சுகர் என்பதால் கட்டாயம் எடுங்கள். இதைப் படிக்கிற சுகர் நோயாளிகள், பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் யாராவது டயட்டில் நுழைந்தாலும் வெளியே வந்தாலும் மாத்திரை அளவை டாக்டரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

முடி கொட்டுவது வேகமாக எடை இறங்கியதால். இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டத் தொடங்கும், பெரும்பாலும் தானாக நின்று திரும்ப வளரும். அரைக் கிலோ, ஒரு கிலோ என்று வாரக்கணக்கில் இறங்கியிருந்தால் இவ்வளவு இருக்காது. இன்னொன்று, விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது மேல் வயிற்றில் பிடித்து இழுக்கிற மாதிரி வலி வந்தால் வாயு என்று சோடா குடித்துவிட்டு விடாதீர்கள். வேகமாக இளைத்தவர்களுக்குப் பித்தப்பைக் கல் வர வாய்ப்பு அதிகம்.

இப்போது பசி. இதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. அமெரிக்காவில் கெவின் ஹால் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2016-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பு தன் அன்றாடச் செலவை 20, 30 கலோரிதான் சுருக்குகிறது, ஆனால் பசியைச் சுமார் 100 கலோரி அளவுக்கு ஏற்றிவிடுகிறது. மெட்டபாலிசம் செத்துவிட்டது என்று ஆளாளுக்குச் சொல்கிறார்களே, அதைவிடப் பெரிய எதிராளி பசி. அதற்கு முன்பே 2011-ல் மெல்போர்னில் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரியில் வைத்துப் பார்த்தார்கள், ஒரு வருடம் கழித்தும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை. ஆக தயிர்சாதத்தைப் பார்த்து உங்களுக்குக் கண்ணீர் வந்தது மனக்கட்டுப்பாடு இல்லாததால் இல்லை சார்.

அதனால் பசியை அடக்குகிற சாப்பாட்டை வைத்துக்கொண்டு மற்றதைக் குறையுங்கள். புரதம் ஒரு நாளைக்கு 80, 90 கிராம் வரட்டும். ஒரு முட்டையில் 6 கிராம், சமைத்த கோழி 100 கிராமில் 25-க்கு மேல், வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8, 9. சாம்பாரில் பருப்பு இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொள்ளாதீர்கள், நம் வீட்டுச் சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 17 கிலோ போனதில் கொஞ்சம் தசையும் போயிருக்கும், அது திரும்ப வர எடை தூக்கும் பயிற்சி வேண்டும். ஜிம்முக்குப் போகத்தான் வேண்டும் என்றில்லை, வாரம் மூன்று நாள் தண்டாலும் பஸ்கியும் போதும். அதோடு நடை. அமெரிக்காவில் 1994 முதல் எடையைக் குறைத்துத் தக்கவைத்தவர்களின் பதிவேடு ஒன்று வைத்திருக்கிறார்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் சேர்ந்தார்கள். ஆளுக்கொரு டயட்டில் இளைத்தவர்கள். ஆனால் பத்தில் ஒன்பது பேர் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்பவர்கள், முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு தடவையாவது எடை பார்ப்பவர்கள்.

எடை பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, 2006-ல் அங்கேயே சோதித்துப் பார்த்தது. தொடக்க எடைக்கு மேல் 1.3 கிலோ வரை பச்சை, சும்மா இருங்கள். அதிலிருந்து 2.3 வரை மஞ்சள், என்ன மாறியது என்று பாருங்கள். 2.3 தாண்டினால் சிவப்பு, அன்றே இறங்குகிற சாப்பாட்டுக்குப் போய்விட வேண்டும். பத்துக் கிலோ ஏறும்வரை காத்திருந்து மறுபடி நூறு நாள் விரதம் எடுப்பதுதான் நம் ஊர் வழக்கம்.


பேலியோபுலி:

சரி, 188 விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேடம், சுகர் உள்ளவர்களுக்கு நான் சொல்வதுதான் நல்லது என்று இப்போதும் சொல்வேன். என் அண்ணன் சோற்றுக்குத் திரும்பிய மூன்றாம் மாதம் மாத்திரை திரும்ப வந்தது. எல்லோருக்கும் பாயசக் கிண்ணம் சரிவராது.


தஞ்சை_டயட்டீஷியன்:

அதில் எனக்கு மறுப்பே இல்லை சார். சுகர் உள்ளவருக்கு அரிசியின் எல்லை வேறு, அவர் குறைந்த மாவுச்சத்திலேயே இருக்க முடியுமென்றால் டாக்டர் பார்வையில் இருக்கட்டும். கேட்டவர் இருக்க முடியாது என்றார், நான் அவருக்குச் சொன்னேன்.


திருப்பூர்க்காரன்:

அக்கா, அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு அரை மணி நேரம் பேச்சே வரவில்லை. பட்டர் டீயும் பாதாமும் ஆரோக்கியமானது என்று மனதில் பதிந்துவிட்டது, ஆரோக்கியமானது என்றால் கணக்கில் வராது என்று நானே முடிவு கட்டியிருக்கிறேன். மற்றவன் வவுச்சரை எல்லாம் சல்லடை போட்டுப் பார்க்கிறவன்! இன்று மதியம் என் தட்டை நிறுத்துப் பார்த்தேன். 465 கிராம். உங்களை ஜெயித்துவிட்டேன்.


திருப்பூர்க்காரன் (ஆறு வாரம் கழித்து):

மறுபடி வந்துவிட்டேன். இரண்டு வாரத்தில் எடை 78.4-ல் நின்றது, அதையே தொடக்கம் என்று வைத்துக்கொண்டேன். வெண்ணெய் நிறுத்திய நான்கு நாள் தலை கனமாக, எரிச்சலாக இருந்தது, ஆபீசில் ஒரு பையனைத் தேவையில்லாமல் கத்திவிட்டேன். அப்புறம் பழகிவிட்டது. காலையில் 2 இட்லியோடு 2 முட்டை, மதியம் கிண்ணச் சோறு (எங்கள் வீட்டில் பாயசக் கிண்ணம் பெரிது, அதனால் பாப்பாவுக்குப் பருப்புச்சோறு ஊட்டிய பழைய கிண்ணத்தைப் பரண்மேல் இருந்து இறக்கினோம், 140 கிராம் பிடிக்கிறது), இரவு சுண்டலோ மீனோ பொரியலோடு. வீட்டில் இப்போது ஒரே சமையல், அதற்கே வீட்டுக்காரி உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லச் சொன்னாள்.

ராத்திரி ஒன்பதரைக்கு வரும் பசிதான் இன்னும் அடங்கவில்லை. மோர் குடித்துவிட்டு மொட்டை மாடியில் நடக்கிறேன், சில நாள் அதுவும் எடுபடாமல் டப்பாவைத் திறந்து ஒரு பிடி பொட்டுக்கடலை. மறைக்க மாட்டேன்.

மச்சினன் கல்யாணம் மூன்று நாள். முதல் நாள் ராத்திரி டிபனோடு நிறுத்திவிடலாம் என்று போனேன். பந்தியில் எனக்கு அந்தப் பக்கம் பெரிய மாமனார் உட்கார்ந்துவிட்டார், "மாப்பிள்ளை இளைச்சுப் போயிட்டாரு, இன்னொரு ஜிலேபி வைப்பா" என்று அவரே என் இலைக்கு ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்த மறுநாள் 80.9. சிவப்பு. 2019-ஆக இருந்தால் அன்றைக்கே மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருப்பேன். இந்தத் தடவை அன்றே கிண்ணத்துக்குத் திரும்பி, இரவு முட்டையும் காய்கறியும் மட்டும் என்று வைத்தேன், எட்டு நாளில் 79.1. லேப்பில் வெறும் வயிற்றில் 96, சாப்பிட்ட பிறகு 128. முடி கொட்டுவது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஃபிரிட்ஜில் ஒரு கட்டம் போட்ட தாள் ஒட்டியிருக்கிறது, பெரியவள் நான்காம் வகுப்பு, காலையில் நான் எண்ணைச் சொன்னால் அவள்தான் கலர் அடிப்பாள். கல்யாணத்துக்குப் போன மூன்று கட்டத்தையும் காலியாக விடாமல் ஊதா அடித்து வைத்திருக்கிறாள், கேட்டால் "தெரியாத கலர்ப்பா" என்கிறாள்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். மொத்தமாக வாங்கிய பாதாம் இன்னும் மூன்று கிலோ டப்பாவில் இருக்கிறது. என்ன செய்வது?


சுக்குக்காப்பி:

பிள்ளைகளுக்கு ஸ்கூல் டப்பாவில் ஆளுக்கு எட்டு போட்டு அனுப்பு, அப்பா அம்மாவுக்கு ஊறவைத்துத் தோலுரித்துக் கொடு. டப்பாவை உன் கை எட்டாத இடத்தில் வைக்கச் சொல். தயவுசெய்து அல்வா மட்டும் கிண்டிவிடாதே தம்பி.